டாமினேட் எங்கள் வீட்டுக்கு வந்த புளிக் காலம்

என் வயதுப் பெண்களே, டிபன் பாக்ஸைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு காலை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களே, உங்களில் பாதிப் பேருக்காவது இந்த வார்த்தை தெரிந்திருக்கும். அகராதியைப் புரட்டித் தெரிந்துகொண்டிருக்க மாட்டீர்கள். யாராவது உங்களைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். என்னைப் பார்த்துப் போன வாரம் சொன்னார்கள். கட்டட வரைபடம் தீட்டுவது என் வேலை. ஒரு மாடிப்படி கீழ்த்தளப் படத்தில் ஓர் அகலமாகவும் மேல்தளப் படத்தில் வேறு அகலமாகவும் இருந்தது. எனக்கு மேலே இருப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "என்னம்மா, ரொம்ப டாமினேட் பண்றே" என்றார். பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு படியைத் திருத்தினேன்.

அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது பென்னாகரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில். எனக்குப் பத்து வயது இருக்கும். சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரியைத் தனி ஜில்லாவாக்கிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. புதிது புதிதாக ஆபீஸ்கள் திறந்தார்கள். ஆபீஸ் என்றால் மேஜை வேண்டும், மின்விசிறி வேண்டும், டைப் அடிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் வேண்டும் என்பதில்தான் எங்கள் வீட்டுக் கதை தொடங்குகிறது.

அப்பாவுக்குப் புளி மண்டி. மாசி பிறந்துவிட்டால் மண்டியில் இடம் போதாமல் மூட்டைகள் வீட்டுக்குள் வந்துவிடும். கூடம், நடை, சாமி படத்துக்குக் கீழே, எங்கும் மூட்டை. நடந்தால் உள்ளங்கால் தரையோடு ஒட்டிப் பிரியும்போது ஒரு சத்தம் கேட்கும். எறும்புகள் எங்களுக்கு முன்னால் எழுந்துவிடும். தலைமயிரில் புளிப்பு வாசனை ஏறிக்கொள்ளும். எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "புளி வூடு வந்துட்டுது" என்பாள். பின்கட்டுக் கொட்டகையில் கூலிப் பெண்களோடு அம்மாவும் சித்தியும் உட்கார்ந்து, கல்லின் மேல் புளியை வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். காலையில் தொடங்கும் அந்தச் சத்தம் விளக்கு வைக்கும்வரை நிற்காது.

சித்தி பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண். பத்து முடித்துப் பதினொன்றும் தேறியவள். டைப்பில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். கல்யாணமாகி வந்தபோது அவள் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. கெட்டியான மிட்டாய்ப் பெட்டி அட்டை. அதில் டைப்ரைட்டர் எழுத்துகளை வட்டம் வட்டமாக மையால் வரைந்திருந்தாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று சாயங்காலம் அதை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அடிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இங்கிலீஷ் எழுத்துகளை நான் பள்ளியில் கற்ற வரிசை வேறு, சித்தியிடம் கற்ற வரிசை வேறு. இன்றைக்கும் சும்மா இருக்கும்போது எனக்கு இரண்டாவது வரிசைதான் நாக்கில் வருகிறது.

சித்தப்பா எங்கள் குடும்பத்தில் ஒரே பி.ஏ. வீட்டிலிருந்த ஒரே மடக்கு நாற்காலி அவருடையது. அவர் இல்லாதபோதும் அதில் யாரும் உட்காருவதில்லை. ஏற்ற வேலை வரட்டும் என்று காத்திருந்தார். புது ஜில்லாவுக்கு ஆள் எடுக்கப் பரீட்சை வைத்தபோது மனுப் போட்டார். "சேலத்துக்குத் தனியா போறதுக்குத் துணைக்கு ஆச்சு, நீயும் ஒண்ணு எழுதிப் போடு" என்று சித்தியையும் போடச் சொன்னார். இருவரும் ஒரே பஸ்ஸில் போய் எழுதிவிட்டு வந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் சீப்பு வாங்கி வந்தார்கள். அந்த வாரம் சித்தப்பா வீட்டில் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆர்டர் சித்திக்கு மட்டும் வந்தது.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் பெருமைதான். அம்மா பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை கொடுத்தாள். அப்பா மண்டியில் சொன்னார். மூன்றாம் நாள் சாயங்காலம் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தி மோர் ஊற்றிக்கொண்டே, "ஏங்க, தருமபுரிக்கு மொத பஸ் எப்பன்னு கேட்டுட்டு வர்றேன்னீங்களே, கேட்டீங்களா?" என்றாள்.

டம்ளர் சுவரில் மோதி நடையில் உருண்டது.

"யூ ஆர் டாமினேட்டிங் மீ!"

கொட்டகையில் சுத்திச் சத்தம் நின்றது. அம்மா ஓடி வந்தாள். "என்ன தம்பி, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"ஒடம்புக்கு இல்ல அண்ணி. இவ என்னை டாமினேட் பண்றா. கல்யாணமான இந்த அஞ்சு மாசமா பார்த்துட்டு இருக்கேன்."

அம்மா சித்தியைப் பார்த்தாள். பிறகு மோர் சிந்திய இடத்தைத் துடைத்தாள். அது என்ன நோய் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு பி.ஏ. படித்தவர் சொல்கிறார். பொய்யாக இருக்காது என்று நினைத்திருப்பாள்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி பெண்டாட்டி, புருஷனுடைய அண்ணனோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் கூடத்தில் இருந்தால் இவள் சமையலறை நிலைக்கு உள்ளே நிற்க வேண்டும். சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்லி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுக் குழந்தை நான். "உங்க அப்பாவுக்குச் சோறு ஆச்சுன்னு சொல்லு." "மண்டிக்கு எத்தனை பேருக்குக் காப்பின்னு கேளு." கூடத்துக்கும் அடுக்களைக்கும் பத்தடி தூரம் இருக்காது. அப்பாவுக்குச் சித்தியின் குரல் நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் கேட்ட மாதிரி நிமிர்ந்து பார்ப்பார். நான் இதை ஒரு விளையாட்டாகத்தான் வைத்திருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று பிற்பகல் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி ஜமக்காளம் விரித்தார்கள். பஞ்சாயத்துப் பேச ஊர் மணியக்காரர் வந்தார். சித்தியின் அண்ணன் பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார். தங்கைக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அப்பா, அவர்களுக்கு நடுவில் வெற்றிலைத் தட்டு. சித்தப்பா அன்று நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அடிபட்டவர் மாதிரி இருந்தது, பார்க்க.

"என்னப்பா பிராது?" என்றார் மணியக்காரர்.

"அவ என்னை டாமினேட் பண்றாளுங்க."

"தமிழ்ல சொல்லு."

"தமிழ்ல அதுக்குச் சரியா வார்த்தை இல்லீங்க."

மணியக்காரர் யோசித்தார். நில விவகாரம், வரப்புச் சண்டை, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் பார்த்தவர். இது புதிது. "தமிழ்ல பேரே இல்லாத குத்தமா?" என்று அப்பாவைப் பார்த்தார். "இங்கிலீஷ்ல பேர் வெச்சிருக்கான்னா, வெள்ளைக்காரன் வூட்டுலயே நடந்து, அவன் தாங்க முடியாமத்தான் வெச்சிருப்பான். சாதாரணமா நெனைக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போனா செல்லும்."

சித்தியின் அண்ணன் முகம் வெளிறியது. தங்கை மேல் கோர்ட்டில் செல்லுகிற குற்றம் ஒன்று இருக்கிறது என்று அவர் அப்போதுதான் அறிந்தார். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்று கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாலுகா கச்சேரியிலிருந்து இங்கிலீஷில் எழுதிய காகிதம் வந்தால் நிலம் கை மாறும் என்று கண்ட ஊர் அது. அந்த மொழியில் பேர் உள்ள எதையும் அவர்கள் பயத்தோடுதான் பார்த்தார்கள்.

அடுத்த தெருவிலிருந்து ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியாரைக் கூட்டி வர ஆள் போனது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு மாத்திரம் காப்பி கொடுத்தார்கள்.

"வாத்தியாரே, டாமினேட்டுன்னா என்னா?"

அவர் வகுப்பில் சொல்வது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது ஒரு வெர்ப்புங்க. வினைச்சொல். அடக்கி ஆள்றதுன்னு அர்த்தம். உதாரணத்துக்கு, ஒரு ராஜா பக்கத்து தேசத்தை எல்லாம் டாமினேட் பண்ணாரு."

"நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

"ராஜாவுக்கு நல்லதுதானுங்க."

"பொம்பளைக்கு?"

வாத்தியார் காப்பியைப் பார்த்தார். "யாரு, யாரைங்கிறதை வெச்சிதானுங்க சொல்லணும்."

"அதான் தெரியுமே" என்றார் மணியக்காரர். "அவ, இவனை."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியார் பாதிக் காப்பியிலேயே எழுந்து போய்விட்டார்.

"பாப்பா, உங்க சித்தியைக் கேளு" என்றார் அப்பா. "என்ன சொல்றான்னு கேட்டுட்டு வா."

சித்தி நிலைக்கு உள்ளே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையில் புளி ஒட்டியிருந்தது. அதை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் போகாமல் மறுபடி துடைத்தாள். தயாராக இருந்தாள். "இதைச் சொல்லு கண்ணு, வரிசையாச் சொல்லு" என்று விரல் மடக்கினாள். "சமையல் முடிச்சு வெச்சிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பொழுதோட திரும்பிடுவேன். பரீட்சை எழுதச் சொன்னதே அவருதான். நான் ஒரு நாளும் குரல் ஒசத்திப் பேசுனதில்ல." என்னை ஒரு முறை திருப்பிச் சொல்ல வைத்தாள். சரியாகச் சொன்னேன்.

கூடத்துக்குப் போனேன். "சமையல் முடிச்சு வெச்சிட்டுத்தான் பஸ் ஏறுவாங்களாம்" என்றேன்.

"பார்த்தியா, பஸ் ஏறுவேன்னு முடிவே பண்ணிட்டா" என்றார் மணியக்காரர். "சரி, போ."

"இன்னும் இருக்குதுங்க..."

"போதும் போ பாப்பா."

திரும்பி வந்தேன். "மூணாவதைச் சொன்னியா?" என்று கேட்டாள் சித்தி. "மத்தது போனாப் போவுது. மூணாவதைச் சொல்லு."

மறுபடியும் போனேன். அதற்குள் பேச்சு புளிக்குப் போயிருந்தது. இந்த வருஷம் பாரம் அதிகம், ஆள் கிடைப்பதில்லை, வீட்டுப் பெண்களே உட்கார்ந்தால்தான் பங்குனிக்குள் முடியும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் நின்று சத்தமாக, "பரீட்சை எழுதச் சொன்னதே சித்தப்பாதானாம்!" என்றேன்.

மணியக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "யப்பா, வக்கீலாட்டம் பேசுதே இது! எந்த வூட்டுக்குப் போய் எவனை ஆட்டி வெக்கப் போவுதோ!" எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாகூடச் சிரித்தார். சொன்னது என்ன என்பது அந்தச் சிரிப்பில் போய்விட்டது. நான் மூன்றாவது முறை அடுக்களைக்கு நடந்தேன்.

சித்தியிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

நிலையைத் தாண்டி இரண்டடிதான் வந்திருப்பாள். முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். கண் தரையில். அம்மா பின்னாலிருந்து "ஏய், ஏய்" என்று கையைப் பிடிக்கப் பார்த்தாள்.

"மாமா, மன்னிச்சுக்குங்க" என்றாள் சித்தி. குரல் மெதுவாகத்தான் இருந்தது. அப்பாவிடம் அவள் நேராகப் பேசியதை நான் கேட்ட முதல் தடவை அது. "அவரு எழுதச் சொன்னாரு, எழுதுனேன். நான் போவலைன்னா அந்த எடம் வேற யாருக்கோதான் போவுமுங்க. இவருக்கு வராதுங்க. அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒரு தெளிவு. "பார்த்தீங்களாண்ணா? இதுதான். இதைத்தான் சொன்னேன்."

மணியக்காரர் மெல்லத் தலையை ஆட்டினார். "இப்பத்தான்யா எனக்கு அந்த இங்கிலீஷ் புரியுது."

நான் படித்தது எந்திரங்களையும் கட்டடங்களையும் பற்றி. ஒரு சுமையை எங்கே வைத்தாலும் எந்த வழியாக அது தரைக்கு இறங்கும் என்று கணக்குப் போடச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தை நான் பல தடவை தாளில் போடாமலே போட்டுப் பார்த்திருக்கிறேன். சித்தி உள்ளேயே நின்றிருந்தால் பதில் இல்லை என்று ஆகியிருக்கும். வெளியே வந்ததால் பதிலே குற்றம் என்று ஆனது. அவளுக்கு நிற்க அந்த வீட்டில் மூன்றாவது இடம் எதுவும் வரையப்படவில்லை.

சித்தியின் அண்ணன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "சின்னப் புள்ளைங்க. தெரியாம வந்துட்டா. நான் அவளுக்குப் பதிலா மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று கும்பிட்டார். தங்கை வேலைக்குப் போவது பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்காக அவ்வளவு தூரம் வந்தவர் அவர். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. முடிவு என்று யாரும் சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்தார்கள். வாழைப்பழத்தை எனக்கு உரித்துக் கொடுத்தார்கள்.

சேருவதற்கான கடைசி நாள் ஒரு சாதாரண நாள் மாதிரி வந்தது. விடிந்ததும் முதல் பஸ் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது ஹாரன் அடிக்கும். அப்போது சித்தி கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். சுத்தியை ஓங்கிய கை ஹாரன் அடங்கும்வரை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அம்மா அவள் பக்கம் ஒரு கூடை புளியை நகர்த்தி வைத்து, "நீ போயிருந்தா இதை யாரு பார்க்கிறது, சொல்லு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அன்று எனக்கும் அது ஆறுதலாகத்தான் பட்டது.

அந்த வார்த்தை மட்டும் வீட்டில் தங்கவில்லை. மணியக்காரர் வாயிலிருந்து தெருவுக்குப் போனது, அங்கிருந்து கடைத்தெருவுக்கு. எனக்கு எதையும் வரிசைப்படுத்தும் பழக்கம் உண்டு. அது யார் யாருக்குக் கிடைத்தது என்று சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் தனியாக டீக்கடை வைத்திருந்த அம்மாளுக்குக் கிடைத்தது. குடித்துவிட்டு வந்த புருஷனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திய தையல்காரர் மனைவிக்கு. எடை குறைகிறது என்று எங்கள் மண்டியிலேயே தராசைத் தொட்டுப் பார்த்த மலைக்காரப் பெண்ணுக்கு. ஒரு முறை, பால் கறக்க விடாமல் முரண்டு பிடித்த ஒரு பசு மாட்டுக்குக்கூட. மணியக்காரருக்குக் கிடைக்கவில்லை. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. பெல்ட்டால் அடிக்கிற டிரில் மாஸ்டருக்குக் கிடைக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் பாடத்திலேயே அந்த வார்த்தை வந்தது. அதே வாத்தியார். கரும்பலகையில் அர்த்தம் எழுதி, ராஜா பக்கத்து தேசத்தை அடக்கிய அதே வாக்கியத்தை எழுதினார். சாக்பீஸோடு திரும்பியபோது ஒரு கணம் என்னைப் பார்த்தார், உடனே ஜன்னலைப் பார்த்தார். "சொந்த வாக்கியம் வேண்டாம். இதையே எழுதிக்குங்க" என்றார்.

பஞ்சாயத்து நடந்த அடுத்த வருஷமே சித்தப்பாவுக்கும் புது ஆபீஸ்களில் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. சித்தி கேட்டு வரச் சொன்ன அதே முதல் பஸ்ஸில் போய்வந்தார். சித்தி இருட்டோடு எழுந்து சமைத்து, டிபன் கேரியர் கட்டி வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அட்டை எங்கே போனது என்று நான் நெடுநாள் தேடினேன். சித்தப்பா ஆபீஸ் காகிதங்கள் வைக்க ஒரு பீரோ வாங்கினார். அதற்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருந்தது. ஒரு மூலையில் இரண்டு வட்டங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பீரோவை அசைக்க ஆள் இல்லை.

நான் பாலிடெக்னிக் போகக் கேட்டபோது சித்தப்பாதான் எனக்காகப் பேசினார். "கோடு போடற படிப்புதானேண்ணா. வாயைத் தொறக்க வேண்டியதே இல்ல" என்றார். அப்பா சரி என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாசி மாதம் எனக்கு மாப்பிள்ளை நிச்சயமானது. ஊருக்குப் போயிருந்தேன். புளிக் காலம் தொடங்கியிருந்தது. கொட்டகையில் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு சுத்தியை எடுத்துக்கொண்டேன். நடுவே அண்ணனின் குழந்தை ஓடி வந்து, "தாத்தா காப்பி கேக்கறாங்க" என்றது. "அடுப்புல இருக்குதுன்னு தாத்தாகிட்டச் சொல்லு" என்றாள் சித்தி. குழந்தை ஓடியது. அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார்.

சித்தியின் நகங்கள் கறுத்துத் தேய்ந்திருந்தன. கொட்டையை நெம்பி எடுக்கும்போது பத்து விரலும் தனித்தனியாக வேலை செய்தன. புளி தட்ட அவ்வளவு விரல் வேண்டியதில்லை.

"போற எடத்துல பார்த்து நடந்துக்க கண்ணு" என்றாள். "யாரையும் டாமினேட் பண்ணிடாத."

நான் சுத்தியைக் கீழே வைத்தேன். "அப்படின்னா என்னங்க சித்தி?"

தெரியாமல் கேட்கிறேன் என்றே நினைத்தாள். சின்ன வயதில் எழுத்துகளைக் காட்டித் தந்தது போல, பொறுமையாக, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நம்மளைக் கேட்டாங்கன்னு நெனைச்சுக்கிட்டு பதில் சொல்றது."